மலை ஏறும் முன் கிளட்ச்சைப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு நான்குவழிச் சாலையில் போய்வரும்வரை ஒரு குறையும் காட்டாத கிளட்ச், பாபநாசம் தாண்டிக் காரையாற்று ஏற்றத்தில் கைவிட்டுவிடும். சமதரையில் பாரம் குறைவு என்பதால் தேய்ந்த கிளட்ச் பிளேட்டும் பிடித்துக்கொள்ளும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஏறும்போதுதான் வழுக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும், ஆளில்லாத நேரான சாலையில் நாலாம் கியரில் 40–50 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். முள் மட்டும் எகிறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கருகிய வாடையும் வந்தால் பிளேட் ஏற்கெனவே சூடேறிவிட்டது. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிடிப்பும் போய்விடும்.

ஸ்லிப் என்றதும் பிளேட்டை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். கேபிள் கிளட்ச் என்றால் பெடலை விரலால் அழுத்துங்கள். பல வண்டிகளில் முதல் 10 முதல் 25 மி.மீ. வரை இலகுவாக இறங்கும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) சேர்த்துப் பிடிக்கும் பிரஷர் பிளேட் முழுதாக அழுத்தாது. கேபிள் நட்டைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடலாம்.

இடைவெளி அதிகமானால் நேர்மாறான கோளாறு வரும்: மிதித்தாலும் கிளட்ச் எஞ்சினை விட்டு முழுதாகப் பிரியாது. பெடலை முழுதாக மிதித்து மூன்று நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்றால் அதுதான். ஹைட்ராலிக் கிளட்ச்சில் இதற்கு முதல் சந்தேகம் கிளட்ச் ஆயில் கசிவு. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கீழே கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் இரண்டிலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஆயிலை மட்டும் ஊற்றி ஓட்டுவது வீண்.

பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், மிதிக்கையில் பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான் காரணம். நியூட்ரலில் இரைச்சல் வந்து, பெடலை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எடுக்கும்போது வண்டி நடுங்கினால் பிளேட்டில் ஆயில் படிந்திருக்கலாம். எஞ்சின் மவுண்ட் தளர்ந்தாலும் இதே நடுக்கம் வரும், அதை முதலில் பாருங்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, வண்டியை நிறுத்திவைப்பது பிளேட்டைத் தின்றுவிடும். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அந்தக் கூலியை இன்னொரு தடவை கொடுக்காமலிருக்க பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடமோ வெடிப்போ இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பழைய பிளேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் வரை தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். ஆயிலில் நனைந்திருந்தால், கசியும் ஆயில் சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் பூட்ட விடாதீர்கள்.