கிறிஸ்துமஸ் ஷ்டோலன்: அவசரப்பட்டால் எங்கெல்லாம் கெடும்

போன வருடம் டிசம்பர் 22ஆம் தேதி தோழி ஒருத்தி போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள், நாளைக்கு ஷ்டோலன் சுடப்போகிறேன், அளவு சொல்லு என்றாள். ஷ்டோலன் என்பது ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் பழ ரொட்டி. அளவைச் சொன்னேன். கூடவே, அதைச் சுட்டுப் பொங்கல் வரைக்கும் பத்திரமாக வைத்துக்கொள், கிறிஸ்துமஸுக்கு வேறு ஏதாவது செய் என்றும் சொன்னேன். அவளுக்கு வருத்தம்தான். ஆனால் சுட்ட மறுநாளே வெட்டிய ஷ்டோலனைத் தின்றவர்களுக்குக் காரணம் தெரியும். மேலே வெறும் சர்க்கரை, உள்ளே வறண்ட ரொட்டி, நடுவில் திராட்சை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நாக்கில் நிற்கும். இவை ஒன்றோடொன்று ஊறிச் சேர இரண்டு மூன்று வாரம் வேண்டும். நான் நவம்பர் கடைசி வாரத்தில் சுட்டுவிடுவேன்.

இது ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தின் பண்டம், அதிலும் டிரெஸ்டன் நகரத்தின் பெருமை. நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் வீட்டிலும் இப்போது இது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. வெள்ளைச் சர்க்கரை போர்த்திய நீள ரொட்டி, துணியில் சுற்றிய குழந்தை இயேசுவைக் குறிக்கிறது என்பார்கள். பார்க்கக் கேக் மாதிரி இருப்பதால் பலரும் கேக் செய்கிற கையோடு இதைச் செய்யப் போகிறார்கள். பாதித் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இது ஈஸ்ட் போட்டுப் பிசைந்து பொங்கவைக்கும் ரொட்டி.

உடம்புக்கு ஆகாது என்று வெண்ணெயைக் குறைப்பவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். இந்த ரொட்டியின் கதையே வெண்ணெய்க்காக நடந்த போராட்டம்தான். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் நோன்புக் காலம், வெண்ணெயும் பாலும் கூடாது. எண்ணெய் ஊற்றித்தான் ஷ்டோலன் சுட்டார்கள், சப்பென்று இருந்திருக்கிறது. சாக்சனி ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு முறையிட்டு, 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னோசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார். அந்தக் கடிதத்துக்கு 'வெண்ணெய்க் கடிதம்' என்றே பெயர். இன்றைக்கு 'டிரெஸ்டன் கிறிஸ்ட்ஷ்டோலன்' என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு வெண்ணெய், 65 பங்கு உலர்திராட்சை, 20 பங்கு சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், 15 பங்கு பாதாம் இருக்க வேண்டும். வீட்டுக்கும் அதே கணக்கைப் பிடித்துக்கொள்ளலாம். அரை கிலோ மைதாவுக்கு 250 கிராம் வெண்ணெய், 325 கிராம் திராட்சை, 100 கிராம் தோல், 75 கிராம் பாதாம். இரண்டு ரொட்டி வரும்.

இவ்வளவு வெண்ணெயும் சர்க்கரையும் போகும் மாவில் ஈஸ்ட் திணறும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பிசைந்துவிட்டு, 'பொங்கவே இல்லை, ஈஸ்ட் பழசு போல' என்று ஈஸ்ட் மேல் பழி போடுகிறோம். சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு பசைத்தன்மை உருவாக விடாது. அதனால் முதலில் 150 கிராம் மாவு, வெதுவெதுப்பான பால் 125 மில்லி, ஈஸ்ட், ஒரு ஸ்பூன் சர்க்கரை மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். குமிழி குமிழியாக எழும்பிய பிறகு மீதி மாவு, மீதிச் சர்க்கரை, உப்பு சேர்த்து நன்றாகப் பிசையுங்கள். வெண்ணெய் அதற்கு அப்புறம்தான், துண்டு துண்டாக. விரல் அழுத்தினால் பதியும் அளவுக்கு மென்மையாக இருந்தால் போதும், உருக்கக் கூடாது. பட்டைப் பொடி போடுவதாக இருந்தால் இந்த முதல் கலவையில் வேண்டாம், அது ஈஸ்டை அடக்கும்.

என் மிகப் பெரிய தவறு சூட்டில் நடந்தது. இரண்டாவது வருடம், வெளியே பனி, சமையலறை சில்லென்று இருந்தது. மாவு சீக்கிரம் பொங்கட்டும் என்று ஓவனை 50 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே வைத்தேன். அரை மணி கழித்துத் திறந்தால், பாத்திரத்தின் அடியில் மஞ்சளாக எண்ணெய் தேங்கி, மாவு அதில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும். உருகி வெளியே வந்ததைத் திரும்ப மாவுக்குள் பிசைந்து ஏற்ற முடியவில்லை. சுட்டதும் கனத்த கட்டியாகத்தான் வந்தது. மாவு 24, 25 டிகிரியில் இருக்கட்டும். மெதுவாகத்தான் பொங்கும், பரவாயில்லை. சென்னையிலோ மதுரையிலோ செய்கிறவர்களுக்குப் பிரச்சினை நேரெதிர். அடுப்படியில் வைக்காமல் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள்.

திராட்சையை முதல் நாள் இரவே ரம்மில் ஊறவைக்க வேண்டும். காய்ந்தபடி போட்டால் அது ரொட்டியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ரம் வேண்டாதவர்கள் ஆரஞ்சுச் சாறு ஊற்றலாம், ஆனால் அந்த ரொட்டியை நீண்ட நாள் வைக்க வேண்டாம். ஊறியதை வடிகட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். ரம்மோடு அப்படியே கொட்டினால் மாவு பிசுபிசுத்துப்போகும், ஈஸ்டும் சோர்ந்துவிடும். மாவு ஒருமுறை பொங்கிய பின் கையால் மடித்து மடித்துச் சேருங்கள். மிஷினில் போட்டு அடித்தால் திராட்சை கிழிந்து மாவே அழுக்கு நிறமாகிவிடும்.

உருட்டி முடித்ததும் ஒரு நிமிடம் ரொட்டியை உற்றுப் பாருங்கள். மேல்பரப்பில் தலை நீட்டும் திராட்சைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து அடியில் செருகிவிடுங்கள். அப்படியே விட்டால் ஓவனில் பலூன் போல உப்பிக் கரியாகும், அந்தக் கசப்பு சுற்றியுள்ள ரொட்டியிலும் ஏறும். பக்கத்து வீட்டுப் பாட்டி இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினார்.

அப்புறம் 170 டிகிரியில் 45, 50 நிமிடம். குச்சி குத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம். வெண்ணெயும் பழமும் ஒட்டிக்கொண்டு வெந்ததையும் வேகாதது போலக் காட்டும். உள்சூடு 92 டிகிரி வந்தால் எடுத்துவிடலாம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

வெளியே எடுத்த சூட்டோடு உருக்கிய வெண்ணெயைப் பூச வேண்டும். ஆறட்டும் என்று காத்திருந்தால் அது உள்ளே இறங்காது. இரண்டு ரொட்டிக்கு 100 கிராம் வெண்ணெய், இரண்டு மூன்று தடவையாக, அடிப்பக்கமும் சேர்த்து. உடனே சாதாரணச் சர்க்கரையைத் தூவுங்கள். ஐசிங் சுகரை மட்டும் முழுக்க ஆறிய பிறகு, தாராளமாக. சூட்டில் தூவினால் கரைந்து கஞ்சியாகிவிடும். இந்தப் பூச்சு அழகுக்கு மட்டும் இல்லை, ரொட்டியின் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதும் இதுதான்.

ஆறுவதற்குள் பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு இரவு விட்டு, மறுநாள் பட்டர் பேப்பர், அதன் மேல் அலுமினியத் தாள். இங்கே நிலவறையில் 10 டிகிரி குளிரில் வைத்துவிடுவார்கள். நம் ஊர் டிசம்பரில், அதுவும் கடலோர ஈரக்காற்றில், வெளியே வைப்பது சரிப்படாது. இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாற இரண்டு மணி நேரம் முன்பு எடுத்து வையுங்கள்.

உண்மையிலேயே நாட்கள் இல்லையா? குவார்க் என்னும் பாலாடைத் தயிரும் பேக்கிங் பவுடரும் போட்டுச் செய்கிற ஷ்டோலன் ஒன்று உண்டு. அதை ஊற வைக்க வேண்டியதில்லை, சுட்ட ஓரிரு நாளில் சாப்பிட்டுவிடலாம். தோழி கடைசியில் அதைத்தான் செய்தாள்.

வெட்டும்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. முனையிலிருந்து தொடங்காதீர்கள். நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் வேண்டிய துண்டுகளை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிகளை வெட்டுமுகம் உள்ளே இருக்கும்படி ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளி மூடி வையுங்கள். காற்றுப் படாமல், கடைசித் துண்டு வரைக்கும் காயாது.