ஹம்மிங்பேர்டுக்கு வளையமிடும் இடத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவில் சில இயற்கைப் பூங்காக்களில் ஹம்மிங்பேர்டு என்னும் மிகச் சிறிய பறவைகளைப் பிடித்து, அடையாள எண் உள்ள வளையத்தைக் காலில் மாட்டி விடுவதைப் பொதுமக்களும் பார்க்கலாம். அளவெடுத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகு, சில இடங்களில் பறவையை உங்கள் உள்ளங்கையில் வைத்தே பறக்கவிடுவார்கள். அப்போது விரல்களை மடக்கிவிடாதீர்கள். ரூபித்தொண்டை இனத்து ஹம்மிங்பேர்டின் எடை சுமார் 3 கிராம்தான். உடனே பறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாலும் தடவவோ தூக்கிப் போடவோ வேண்டாம். கையை விரித்து வைத்திருந்தால் போதும், அதுவே கிளம்பிவிடும்.

ஆய்வாளரின் கையில் பறவை இருக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுப்பதும் தவறு. மெல்லிய குழலால் இறகுகளை ஊதி விலக்கி, உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பைப் பார்ப்பார். அலகில் நுண்ணிய வரிகள் உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார், இருந்தால் இளம்பறவை. இதையெல்லாம் சில நிமிடங்களில் முடித்தாக வேண்டும்.

வளையம்தானே, நாமும் மாட்டிப் பார்க்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். எண் அச்சிட்ட மெல்லிய அலுமினியத் தகட்டை ஆய்வாளரே வெட்டி, ஓரங்களை வழவழப்பாக்கி, வளைத்துக்கொள்கிறார். ஓரத்தில் ஒரு பிசிறு மிஞ்சினாலும் கால் புண்ணாகிவிடும். வளையமிட அமெரிக்க மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். ஹம்மிங்பேர்டுக்கு அதற்கு மேல் தனி ஒப்புதலும் வேண்டும்.

வீட்டில் இந்தப் பறவைகளுக்காகச் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய தீனிக்குடுவை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழைய பயம் உண்டு: செப்டம்பரில் அதை எடுக்காவிட்டால் பறவை தெற்கே போகாமல் தங்கிக் குளிரில் செத்துவிடுமாம். இது தவறு. பகல் குறைவதை உணர்ந்துதான் அவை புறப்படுகின்றன; குடுவை அவற்றைப் பிடித்து வைப்பதில்லை. குளிர்காலத்தில் தென்கிழக்கு மாநிலங்களில் தென்படும் பறவைகளும் வழிதவறி மாட்டிக்கொண்டவை என்று சொல்லிவிட முடியாது. 2010 ஜனவரியில் புளோரிடாவின் டலஹாசியில் வளையமிட்ட ரூஃபஸ் இனத்து ஹம்மிங்பேர்டு ஒன்று, அதே ஆண்டு ஜூனில் அலாஸ்காவில் பிடிபட்டது. இடையே சுமார் 5,600 கிலோமீட்டர்! வளையம் இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

குடுவையில் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும். சிவப்புச் சாயமோ தேனோ கலக்காதீர்கள்.

வளையத்தோடு இறந்த பறவை கிடைத்தால், எண்ணைப் பார்க்காமல் புதைத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. எழுத்தும் எண்களும் மிகச் சிறியவை. கைபேசியில் பெரிதாகப் படமெடுத்து, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பறவை வளையக் கூடத்துக்கு இணையத்தில் தெரிவியுங்கள். உயிரோடு குடுவைக்கு வரும் பறவையை எண் பார்ப்பதற்காக நீங்களே பிடிக்க வேண்டாம். அருகில் அனுமதி பெற்ற ஆய்வாளர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.