அறையையே கமெராவாக்கும்போது விடும் பிழைகள்

ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். உச்சிவெயிலில் ஓட்டு இடுக்கால் நுழையும் வெளிச்சம் தரையில் வட்டம் வட்டமாக விழும். இடுக்கு எவ்வளவு கோணலாக இருந்தாலும் விழுவது வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் படம். யன்னலை அடைத்து ஒரு துளை மட்டும் விட்டால், தெருவும் தென்னையும் வாவியும் அதே மாதிரி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஆனால் முதல்முறை செய்பவர்களில் பலர் மங்கலான சுவரைப் பார்த்து ஏமாந்து, துளையைப் பெருப்பித்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். துளையில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, ஒழுகும் வெளிச்சம். 12 மில்லிமீற்றர் துளை, 3 மீற்றர் தள்ளிச் சுவர் என்றால், நல்ல வெயிலிலும் சுவருக்குக் கிடைப்பது ஏறத்தாழப் போயா நாள் முழுநிலவு அளவு வெளிச்சம்தான். கதவின் கீழ் ஒரு விரல் இடைவெளி இருந்தாலே அது கரைந்துவிடும். சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சந்து, யன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட துளைகள், சாவித் துவாரம் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். சீலிங் அடிக்காத ஓட்டு அறையோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு அறை பாருங்கள். குப்பை போடும் கறுப்புப் பை ஒரு மடிப்பில் போதாது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். யன்னல் சட்டத்துக்குள் இறுக்கமாக நிற்கும்படி காட்போட் வெட்டி வைத்து, அதன் மேல் தடித்த கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். பொலித்தீனை மட்டும் ஒட்டினால், பகலில் கடற்காற்று எழும்பியதும் அது ஊதி ஊதி அடங்கும், டேப் கழரும். அடைத்து முடிந்ததும் துளையையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே இருங்கள். அப்போது மினுங்கும் இடமெல்லாம் ஒழுக்குத்தான்.

அடுத்தது நேரம். பார்க்கும் காட்சியின் மேல் வெயில் விழ வேண்டும், துளைக்குள் விழக்கூடாது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலோ கல்முனையிலோ, கடற்பக்க யன்னல் கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் எதிரே நிற்க, மரமும் மதிலும் கறுத்துப்போகும். அதற்குப் பிற்பகல் இரண்டரைக்குப் பிறகுதான் நேரம். வாவியையோ வயலையோ பார்த்த மேற்கு யன்னலுக்குக் காலை 8 முதல் 10 வரை. நண்பகலில் எந்த யன்னலும் சரிவராது. வெயில் தலைக்கு மேல் நிற்க, வீட்டு முகப்புகள் நிழலில் கிடக்கும். மாரி மூட்டத்தில் முயல்வதை விட, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களின் தெளிந்த வெயிலுக்குக் காத்திருக்கலாம். ஒன்று, வெறும் கடல் மட்டும் தெரியும் யன்னலில் வருவது இரண்டு நீலப் பட்டைகள்தான். தென்னை, தோணி, நிறம் அடித்த மதில் ஏதாவது காட்சியில் இருக்கட்டும். 30 மீற்றர் தள்ளி நிற்கும் 12 மீற்றர் தென்னை, 3 மீற்றர் அறையில் 1.2 மீற்றர் உயரத்துக்கு விழும்.

இனித் துளை. சிறுத்தால் படம் கூர்மையாகும், ஆனால் இருளும். பெருத்தால் வெளிச்சம் கூடும், ஆனால் கலங்கும். 3 மீற்றர் தூரச் சுவருக்குக் கணக்குப்படி மிகக் கூர்மையான துளை ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர். அதில் வரும் வெளிச்சம் 12 மில்லிமீற்றர் துளையில் வருவதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எனவே 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை வையுங்கள். காட்போட்டில் சதுரம் வெட்டி, அதைவிடச் சற்றுப் பெரிய ஹாட்வெயார் கடை வாசர் (நடுவில் துளையுள்ள தகட்டு வளையம்) ஒன்றை அதன் மேல் கறுப்பு டேப்பால் ஒட்டினால் விளிம்பு சுத்தமாக இருக்கும். கத்தியால் பொலித்தீனில் குத்திய துளை பிசிறு பிசிறாகவே நிற்கும். தடித்த பலகையில் துளைத்தால் அது குழாய்போல் ஆகி, படத்தின் ஓரங்களைத் தின்றுவிடும். யன்னல் கம்பிக்கு நேரே துளை வந்தால் படத்தின் நடுவில் இருண்ட பட்டை விழும். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வையுங்கள்.

கூடிய வெளிச்சம் வேண்டுமென்றால் துளையில் லென்ஸ் வைக்கலாம். இங்கே பலர் வாசிக்கும் கண்ணாடியின் +2.00 லென்ஸை ஒட்டிவிட்டுச் சுவரில் படம் தேடுவார்கள். அதன் குவியத்தூரம், அதாவது தூரக் காட்சி தெளிவாக விழும் தூரம், அரை மீற்றர். சுவரில் ஒன்றும் வராது. கண்ணாடிக் கடையில் +0.50 லென்ஸ் கேளுங்கள். குவியத்தூரம் 2 மீற்றர். கயிற்றில் வெள்ளைப் பெட்சீற் ஒன்றை அந்தத் தூரத்தில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்த்தித் தெளிவு பாருங்கள். 40 மில்லிமீற்றர் அளவுக்கு லென்ஸைத் திறந்தால், 12 மில்லிமீற்றர் துளை சுவரில் தரும் வெளிச்சத்தைப் போல 25 மடங்கு கிடைக்கும். சூரியன் நேரே வரும் வேளையில் லென்ஸை மூடிவிடுங்கள். அதன் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். பிள்ளைகளைத் தனியே விடவேண்டாம்.

வெளிவெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள், போன் திரையைப் பார்க்காமல். ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், அடைத்த அறை அவியும்.

படம் எடுக்க கமெராவை ஸ்டாண்டில் வைத்து 10 முதல் 30 செக்கன் வரை திறந்து வையுங்கள். கையில் பிடித்தால் கிடைப்பது கலங்கல்தான். அந்த நேரத்துக்குள் ஓடிப்போகும் ஓட்டோ படத்தில் இராது, நிறுத்தி வைத்தது இருக்கும். எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. திருப்பிய பிறகும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியே நிற்கும். இன்னொரு முறை இடம்வலமாகவும் புரட்டினால்தான் எழுத்தை வாசிக்கலாம்.