கெடு தாண்டிய வருமான வரிக் கணக்கு: தாமத மன்னிப்பு மனு எழுதுவது எப்படி

டிசம்பர் 31 கடந்துவிட்டால் வட்டியிலிருந்து வங்கி முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) போனதுதான் என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தவர்களும், கணவரை இழந்த பெண்களும் இவர்களில் உண்டு. அந்தப் பணம் அவர்களுடையது. அதைத் திரும்பக் கேட்க 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவில் வழி இருக்கிறது: அதுதான் தாமத மன்னிப்பு மனு. உண்மையான இடர்ப்பாட்டைத் தவிர்ப்பதற்காக, கெடு முடிந்த பிறகும் ஒரு கோரிக்கையை ஏற்கும்படி அதிகாரிகளுக்கு அனுமதி தரும் உரிமையை இந்தப் பிரிவு மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்குக் கொடுக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய நிதியாண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

படி 1: இந்த மனு உங்களுக்குத் தேவையா?

வழக்கமான கெடுவைத் தவறவிட்டவர்கள் மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் கணக்கைத் தாக்கல் செய்யலாம். அந்த நாள் வரவில்லை என்றால் மனுவே வேண்டாம், இன்றே தாக்கல் செய்துவிடுங்கள்.

அதுவும் கடந்துவிட்டது, வரி கட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது என்றால் கூடுதல் வரியுடன் ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ போடலாம். ஆனால் பிடித்த வரியைத் திரும்பக் கேட்க (ரீஃபண்டு) அந்த வழி உதவாது. எனவே ரீஃபண்டு வர வேண்டியவர்களுக்கும், தொழில் நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்ல வேண்டியவர்களுக்கும் மன்னிப்பு மனுதான் வழி.

கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு 30 நாட்களுக்குள் அதை மின்முறையில் சரிபார்த்து உறுதிசெய்ய மறந்தவர்களுக்குத் தனிக் கோரிக்கை இருக்கிறது. இங்கே அதற்குள் போகவில்லை.

படி 2: கால எல்லையைக் கணக்கிடுங்கள்

2024 அக்டோபர் 1 அன்று வெளியான 11/2024 எண் சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். முன்பு ஆறு ஆண்டுகள் இருந்தது. இணையத்தில் பழைய கட்டுரைகள் இன்னும் ஆறு என்றே சொல்கின்றன, நம்பி ஏமாற வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 2021-22 நிதியாண்டில் அவருக்கு ஓய்வூதியம் 2,40,000 ரூபாய், வைப்பு நிதி வட்டி 2,80,000 ரூபாய். வங்கி 10 சதவீதம், அதாவது 28,000 ரூபாய் பிடித்துவிட்டது. நிலையான கழிவு 50,000, மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு 50,000 போக வருமானம் 4,20,000. அந்த ஆண்டு ஐந்து லட்சம் வரையிலான வருமானத்துக்கு முழு வரித் தள்ளுபடி இருந்ததால் அவர் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. 28,000 ரூபாயும் அப்படியே திரும்ப வர வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு 2022-23, அது முடிந்த நாள் 2023 மார்ச் 31. ஆகவே 2028 மார்ச் 31 வரை அவர் மனு கொடுக்கலாம்.

படி 3: யாரிடம் கொடுப்பது?

கோரும் தொகை ஒரு கோடி ரூபாய் வரை என்றால் முதன்மை ஆணையர் அல்லது ஆணையர். அதற்கு மேல் மூன்று கோடி வரை தலைமை ஆணையர், அதையும் தாண்டினால் முதன்மைத் தலைமை ஆணையர். நம்மில் பெரும்பாலோருக்கு முதல் வகைதான். உங்கள் பான் எண் எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

படி 4: காரணத்தை எழுதுங்கள்

மனு வெல்வதும் தோற்பதும் இங்கேதான், எனவே நேரம் ஒதுக்கி எழுதுங்கள். ஆணையர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். உரிய காலத்தில் தாக்கல் செய்ய முடியாதபடி நியாயமான காரணம் தடுத்ததா? மன்னிக்காவிட்டால் உங்களுக்கு உண்மையான இடர்ப்பாடு நேருமா? கேட்கும் தொகை சரியானதுதானா? பலர் முதல் கேள்விக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

‘உடல்நலக் குறைவு காரணமாக’ என்ற ஒற்றை வரி போதாது. தேதி வாரியாக எழுதுங்கள். நம் ஆசிரியையின் மனு இப்படி இருக்கலாம்:

“2022 ஜூன் மாதம் என் கணவர் பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் (இணைப்பு 1). செப்டம்பரில் வீடு திரும்பிய பின்னும் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைக் கவனிக்க வீட்டில் வேறு யாரும் இல்லை. 2023 பிப்ரவரியில் காலமானார் (இணைப்பு 2). எங்கள் வரிக் கணக்குகளை அவரே கவனித்து வந்தார். எனக்கு ஓய்வூதியமும் வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லை. வரியே செலுத்த வேண்டாத நிலையில் பிடிக்கப்பட்ட 28,000 ரூபாயை இழப்பது எனக்குப் பெரும் இடர்ப்பாடு.”

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? பிப்ரவரிக்குப் பிறகு மனு கொடுத்த நாள் வரை என்ன நடந்தது என்று சொல்லவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தது, வங்கிக் கணக்குகளை மாற்றியது, டிடிஎஸ் பிடிக்கப்பட்டதே பின்னர்தான் தெரியவந்தது என எது உண்மையோ அதைச் சேர்க்க வேண்டும். தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்பதை அறிவுக்கு ஒவ்வாத கறாருடன் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் மாதக்கணக்கான இடைவெளியை மௌனமாகக் கடந்தால் ஆணையருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

‘சட்டம் தெரியாது’ என்பது மிகவும் பலவீனமான காரணம். ‘ஆடிட்டர் மறந்துவிட்டார்’ என்றால் அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தையும் வாங்கி இணையுங்கள். நடக்காத நோயை எழுதவே எழுதாதீர்கள். மதிப்பீட்டு அதிகாரியை விசாரிக்கச் சொல்லி அறிக்கை கேட்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு.

படி 5: இணைப்புகள்

வருமானக் கணக்கீட்டுத் தாள், படிவம் 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் பிடிக்கப்பட்ட வரியின் பட்டியல்), படிவம் 16 அல்லது 16ஏ (வரி பிடித்தவர் தரும் சான்றிதழ்), அந்த ஆண்டின் வங்கி அறிக்கை, காரணத்துக்கான சான்றுகள் (டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்றிதழ் போன்றவை). ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணை மனுவின் உரிய வரியிலேயே குறிப்பிடுங்கள்.

படி 6: சமர்ப்பித்தல்

இணையதளத்தில் உள்நுழைந்து ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘கண்டோனேஷன் ரிக்வெஸ்ட்’ பகுதிக்குச் செல்லுங்கள். ஆணையர் அலுவலகத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. விசாரணைக்கு அழைத்தால் அசல் ஆவணங்களுடன் போங்கள். மனு வந்து சேர்ந்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதங்களுக்குள், இயன்றவரை, முடிவு சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை கூறுகிறது. அது கடந்தால் ஒப்புகையை மேற்கோள் காட்டி நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள்.

படி 7: உத்தரவு வந்த பிறகு

மன்னிப்பு உத்தரவு கிடைத்தாலே பணம் வந்துவிடாது. அதற்குப் பிறகுதான் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். படிவத்தில் 119(2)(பி) பிரிவைத் தேர்ந்தெடுத்து, உத்தரவின் ஆவண அடையாள எண்ணையும் தேதியையும் நிரப்பி, 30 நாட்களுக்குள் மின்முறையில் சரிபார்த்துவிடுங்கள். இப்படி வரும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

நிராகரித்தால் உத்தரவில் சொல்லப்பட்ட காரணத்தைப் படியுங்கள். வழக்கமான மேல்முறையீட்டுக்கு இதில் இடமில்லை, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தவறுதலாக அதிகம் கட்டப்பட்ட முன்கூட்டிய வரியைத் திருப்பித் தராமல் இருக்க, காலவரம்பு என்ற நுணுக்கத்தை அரசு காரணமாகக் காட்டக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சாடியிருக்கிறது. வழக்குச் செலவையும் திரும்ப வர வேண்டிய தொகையையும் வைத்துப் பார்த்து, வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள்.