மலையேறும் அப்பாவை வீட்டிலிருந்து கவனிக்க எந்தக் கருவி வாங்கலாம்?

போன மாசியில் அப்பா ஊர்க்காரர்களுடன் வெள்ளியங்கிரி ஏறினார். அவரிடம் இருப்பது பொத்தான் கைபேசி. அதனால் இருக்கும் இடத்தை வீட்டுக்குக் காட்டும், சிம் போடும் சிறிய டிராக்கர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டு அனுப்பினேன். நள்ளிரவுக்குப் பிறகு வரைபடத்தில் அவருடைய புள்ளி மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. காங்கேயத்தில் அம்மா விடிய விடியக் கண்மூடவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பகுதியில் சிக்னல் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு வீட்டில் அந்த இரவு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: செய்தி எந்த வழியாக வீட்டுக்கு வரும்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பேசும். நம் கருவி கேட்கும். தான் இருக்கும் இடம் கருவிக்குத் தெரிந்துவிடும், ஆனால் அதை வீட்டுக்குச் சொல்ல வேறொரு வழி வேண்டும். கடையில் முதலில் கேட்க வேண்டியது அந்த வழியைத்தான்.

ஏர்டேக் போன்ற வில்லைகளில் ஜிபிஎஸ் கிடையாது. அருகில் வருபவரின் கைபேசி (ஏர்டேக் என்றால் ஐபோன்) ப்ளூடூத்தில் அதைக் கண்டு தகவல் அனுப்ப வேண்டும். தொலைந்த சாவிக்கு நல்லது. மலைக்கு நான் வாங்க மாட்டேன். வண்டியில் பொருத்தும் டிராக்கர் விலை குறைவுதான், ஆனால் அதற்கு வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் வேண்டும். உள்ளேயே பேட்டரி உள்ள, சிம் போடும் வகைதான் நமக்கு ஏற்றது. சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுகளைச் சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்புமா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 2: சிம்

நான் இரண்டு நாள் திணறிய இடம் இது. என் டிராக்கர் 2ஜியில் மட்டும் இயங்குவது. நான் போட்டதோ 2ஜி சேவையே இல்லாத நிறுவனத்தின் சிம். விளக்கு எரிந்தது, புள்ளி வரவில்லை. கருவி பழுது என்று திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டேன். பெட்டியில் 2ஜியா 4ஜியா என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள். சிம்மில் ரகசிய எண் (PIN) பூட்டு இருந்தால், முதலில் ஒரு கைபேசியில் போட்டு நீக்கிவிடுங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் அந்த மலையில் கிடைக்கிறது என்பதைப் போன வருடம் ஏறியவரிடம் கேளுங்கள். விளம்பர வரைபடத்தைவிட அவர் சொல்வதையே நான் நம்புவேன்.

படி 3: ஒத்திகை

சென்னிமலையின் 1,320 படிகளில் அப்பாவோடு ஏறிப் பார்த்தேன். புள்ளி அங்குமிங்கும் தாவியது. பையைத் திறந்தால், டிராக்கர் எவர்சில்வர் தூக்குப்போசிக்கு அடியில் கிடந்தது. வானம் பார்க்கும்படி பையின் மேல் அறையில் வைத்ததும் சரியாகிவிட்டது. இடம் அனுப்பும் இடைவெளியை 10 வினாடியிலிருந்து 5 நிமிடமாக்குங்கள். இல்லாவிட்டால் இறங்கும்போது பேட்டரி இருக்காது.

படி 4: வீட்டிலிருப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டால் கருவி வாங்காமலேயே இருக்கலாம். புள்ளியைப் பார்க்கும் முன், அதன் பக்கத்தில் உள்ள நேரத்தைப் பார்க்க வேண்டும். நேரம் புதிதாக, புள்ளி மட்டும் நகராமல் இருந்தால், ஆள் அங்கேயே இருக்கிறார், ஓய்வாக இருக்கலாம். நேரமும் பழையதாக இருந்தால் அது கடைசியாகத் தெரிந்த இடம் மட்டுமே. இந்த வித்தியாசத்தை அம்மாவுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம்: கூடப் போகும் இருவரின் எண்கள், கிளம்பிய நேரம், இறங்க வேண்டிய நேரம், அதைத் தாண்டி எவ்வளவு நேரம் பொறுத்து யாரை அழைப்பது. அவசர எண் 112.

பிற்சேர்க்கை 1: ஸ்மார்ட்போன் இருந்தால் தனிக்கருவி வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் கைபேசியும் பவர் பேங்க்கும் போதும். வாட்ஸ்அப் நேரலை இருப்பிடம் அதிகபட்சம் 8 மணி நேரம்தான். இரவு ஏறத் தொடங்கினால் இறங்கும் முன்பே நின்றுவிடும். கூகுள் மேப்ஸில் நாமே நிறுத்தும்வரை பகிரலாம், கைபேசியின் பேட்டரி அளவும் வீட்டுக்குத் தெரியும். பேட்டரி சேமிப்பு அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: சிக்னலே இல்லாத காட்டுக்கு, வெளிநாட்டிலிருக்கும் தம்பி மூலம் கார்மின் இன்ரீச் வரவழைக்கலாமா என்று பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டார். வேண்டாம். அது இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. உரிய அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட காட்டுக்கு வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் போங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.