பழைய சூனியக்காரித் தொலைக்காட்சிப் படங்களைச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர், தம் கைக்கு வந்த வி.எச்.எஸ். வீடியோ கேசட் ஒன்றைக் கணினிக்கு மாற்றி எனக்கு அனுப்பினார். 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சூனியக்காரிப் படம் அது. "விளம்பரங்களை எல்லாம் சுத்தமாக வெட்டிவிட்டேன் அண்ணா, இனித் தடையில்லாமல் பார்க்கலாம்" என்று உடன் எழுதியிருந்தார். கேசட் எங்கே என்று கேட்டேன். இடத்தை அடைக்கிறதென்று பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிட்டாராம். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் இதுவேதான்.

பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டக் கூடாது, கேசட்டை வெயிலில் வைக்கக் கூடாது என்பவை யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். அவற்றை விட்டுவிட்டு, விளங்குவதற்குள் காரியம் கைமீறிவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

விளம்பர இடைவேளையை வெட்டி எறிதல்

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி 1969இல் தொடங்கிய 'மூவி ஆஃப் தி வீக்' வரிசையின் படங்கள் 90 நிமிட ஒளிபரப்பு நேரத்துக்காக எடுக்கப்பட்டவை. விளம்பரங்கள் போகப் படம் ஓடியது ஏறத்தாழ 74 நிமிடங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை கதை நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டேதான் அவற்றை எழுதினார்கள். கதை நிற்கும்போது பார்ப்பவர் எழுந்து சமையலறைக்குப் போவார், அல்லது வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவார். அவரை மீண்டும் நாற்காலிக்கு இழுத்துவரும் பொறுப்பு, இடைவேளைக்கு முந்தைய சில விநாடிகளின் தலையில் விழுந்தது. அதனால்தான் சூனியக்காரி கண்களை அகல விரிக்கிறாள், கேமரா அவள் முகத்தை நோக்கிப் பாய்கிறது, இசைக்கருவிகள் ஒருசேர அலறுகின்றன, பிறகு திரை மெல்லக் கருப்பாகிறது. 'கேம்ப்' என்று பெயரிட்டு நாம் இன்று நேசிக்கும் அந்த மிகையின் பெரும்பகுதி இந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

விளம்பரத்தை வெட்டும்போது, ஒட்டிய இடம் தெரியக் கூடாதென்று கருப்புத் திரையையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அலறும் முகத்துக்கு அடுத்த கணமே காலை உணவு மேசையும் காப்பிக் கோப்பையும் வந்து நிற்கின்றன. பார்ப்பவர் சிரிக்கிறார், அதுவும் நடிகையைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குக் காரணமானவர் நடிகை அல்லர், வெட்டியவர்.

நியூ ஜெர்சியில் இருந்த என் மாமா, 1981இல் 'மிட்நைட் ஆஃபரிங்ஸ்' என்ற சூனியக்காரிப் படம் முதன்முறை ஒளிபரப்பான இரவில் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் கேசட்டை எனக்குத் தந்தபோது, என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் ஓடும் கருவி ஒன்றைத் தேடிப் பிடிக்கவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. மூன்று இரவுகள் கண்விழித்து, விளம்பரங்களையும், இடையிடையே நிலைய அறிவிப்பாளர் பேசியவற்றையும், அடுத்து வரும் நிகழ்ச்சிகளின் முன்னோட்டங்களையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். கேசட்டை யாருக்கோ கொடுத்துவிட்டேன். பிறகு நண்பர்கள் சிலருக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது, நடுங்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் சிரிப்பு எழுந்தது. ஏனென்று எனக்கு அன்று புரியவில்லை. புரிந்த பிறகு, இன்றுவரை அந்தப் படத்தின் நான்கு பிரதிகளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். எல்லாமே பிற்கால மறு ஒளிபரப்பிலிருந்து எடுத்தவை. இடைவேளைகள் வேறு வேறு இடங்களில் விழுகின்றன, சில காட்சிகள் குறைந்திருக்கின்றன. மாமாவின் வரவேற்பறையில் அந்த இரவு ஓடிய படம் அவற்றில் எதிலும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் எரிகிறது.

ஆகவே நாடா முழுவதையும், தொடக்கத்துக் கோடுகள் முதல் இறுதி அறிவிப்பு வரை, ஒரே கோப்பாக மாற்றி, அதைத் தொடாமல் தனியே வையுங்கள். பார்ப்பதற்கென்று இன்னொரு பிரதியைச் செய்துகொண்டு அதில் விளம்பரத்தை நீக்கலாம். ஆனால் கருப்புத் திரையை இரண்டு விநாடியாவது விட்டுவையுங்கள், மூச்சு விட அந்த இடம் வேண்டும். கேசட்டை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்றும் உண்டு: பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ பதிவு முறை 1975இலும் வி.எச்.எஸ். அமெரிக்காவில் 1977இலும் விற்பனைக்கு வந்த பிறகே வீடுகளில் பதிவு செய்வது பரவியது. 1970இல் வந்த 'குரோஹேவன் ஃபார்ம்' படத்தை முதல் ஒளிபரப்பிலேயே வீட்டில் பதிவு செய்த கேசட் என்று ஒருவர் விலை சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் நன்றாக விசாரியுங்கள்.

நடிகையின் பழைய முகத்தை அறியாமல் பார்த்தல்

'மிட்நைட் ஆஃபரிங்ஸ்' படத்தில் தீய சூனியக்காரியாக வரும் மெலிசா சூ ஆண்டர்சன், 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' தொடரில் பார்வை இழந்த மேரியாக நடித்து வீடுதோறும் அன்பைப் பெற்றவர். அவரை எதிர்க்கும் நல்ல பெண்ணாக வரும் மேரி மெக்டொனா, 'தி வால்டன்ஸ்' தொடரில் வரும் குடும்பத்தின் எரின். அன்றைய பார்வையாளர் ஆண்டர்சனின் கண்களைப் பல ஆண்டுகள் இரக்கத்தோடு பார்த்தவர். அதே கண்கள் கொலை நினைப்போடு திரும்பும்போது உண்டாகும் அதிர்ச்சிக்காகவே அவரைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த சிறுமியாக 1973இல் உலகறிந்த லிண்டா பிளேர், 1978இல் 'ஸ்ட்ரேஞ்சர் இன் அவர் ஹவுஸ்' படத்தில் சூனியத்துக்கு இலக்காகும் அப்பாவிப் பெண்ணாக வருவதும் இதே கணக்குதான். படத்தைப் போடுவதற்கு முன் அந்தப் பழைய தொடரின் ஒரு காட்சியையாவது பார்த்துவிடுங்கள்.

ஒரே படத்தை இரண்டு பெயரில் வாங்குதல்

வெஸ் கிரேவன் இயக்கிய அந்த 'ஸ்ட்ரேஞ்சர் இன் அவர் ஹவுஸ்', ஐரோப்பியத் திரையரங்குகளுக்கு 'சம்மர் ஆஃப் ஃபியர்' என்ற பெயரில் போனது. இரண்டும் ஒன்றே.

மறு ஆக்கத்தோடு குழம்புதல்

'சேட்டன்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்' 1973இல் ஒன்று, 2000இல் ஒன்று. கேட் ஜாக்சன் இரண்டிலும் இருக்கிறார். உறையில் அவர் பெயரைப் பார்த்து வாங்காமல் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

வரலாற்றை அறியாமல் கற்பனை என்று தள்ளுதல்

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் 1692இல் சூனியக் குற்றத்துக்காக யாரும் எரிக்கப்படவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்குக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவர் கற்களை மேலே ஏற்றி நசுக்கப்பட்டு இறந்தார். 'குரோஹேவன் ஃபார்ம்' படத்தில் பலகையும் கற்களும் வரும் காட்சியை, கதாசிரியரின் மட்டுமீறிய கற்பனை என்று புதியவர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் அச்சமூட்டும் காட்சி அதுதான்.

சிரிப்பதற்கென்று ஆட்களை அழைத்தல்

1986இல் வந்த 'தி வொர்ஸ்ட் விட்ச்' படத்தில் டிம் கரி, நிறம் மாறும் வீடியோப் பின்னணிகளின் மேல் ஒட்டப்பட்டவராகப் பறந்துகொண்டே பாடுகிறார். பின்னணி மலிவானது, பாடுபவரோ ஓர் அசைவையும் அரைகுறையாகச் செய்யவில்லை. ஆசிரியையாக வரும் டயானா ரிக், புருவத்தை உயர்த்தியே ஒரு வகுப்பறையை அடக்குகிறார். "வாருங்கள், மோசமான படம் பார்த்துச் சிரிக்கலாம்" என்று அழைத்துவிட்டால், வந்தவர்கள் கண்ணில் அட்டைச் சுவர்தான் படும், இந்த உழைப்பு படாது. ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணையுங்கள். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் தானே வரும்.

ஸூம் பொத்தான்

அழுத்தாதீர்கள். பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டகத்தை அகலத்திரைக்கு நிரப்பினால் நெற்றியும் தாடையும் போய்விடும்.

ஓடும் நேரத்தைத் தவறாகப் படித்தல்

விநாடிக்கு 24 படச்சட்டங்களில் எடுத்த படம், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 25 படச்சட்டங்களாக ஓடுகிறது. அதனால் 74 நிமிடப் படம் 71 நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று நிமிடக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல பிரதியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.