கனடாவுக்குக் கப்பலில் அனுப்பிய பெட்டிகளைப் பெறுவது எப்படி?

பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்றுச் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தபோது, பதினான்கு அட்டைப் பெட்டிகளைக் கப்பலில் அனுப்பிவிட்டு, ஆளுக்கு இரண்டு சூட்கேசுகளுடன் விமானம் ஏறினோம். பெட்டிகள் வந்து சேர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. பெட்டி கட்டுவதையும் முகவரைத் தேர்ந்தெடுப்பதையும் விட்டுவிட்டு, அதன் பிறகு செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: விமான நிலையத்தில் முத்திரை

நான் தடுமாறிய இடம் இதுதான். பின்னால் வரும் பொருள்களின் பட்டியலை, குடியேற முதன்முதலாக வந்திறங்கும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி, முத்திரை பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய படிவம் பி.எஸ்.எஃப். 186. குடிவரவு மேசையில் வேலை முடிந்ததும், தோளில் தூங்கும் குழந்தையுடன் நேராக வாசலை நோக்கி நடந்துவிட்ட என்னை, மனைவிதான் நினைவூட்டித் திருப்பினார். பட்டியலில் "பாத்திரங்கள், 1 பெட்டி" என்று நான் எழுதியிருந்ததால், ஒவ்வொன்றின் மதிப்பையும் அங்கேயே நின்று நிரப்ப வேண்டியதாயிற்று. முகவர் தரும் பட்டியலை நம்பாமல், பெட்டி எண்ணுடன் எக்செல்லில் நீங்களே தயாரிப்பது நல்லது.

வருவதற்கு முன்பே சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்திய பொருள்களுக்குத்தான் வரிவிலக்கு உண்டு. புறப்படும் வாரத்தில் தி.நகரில் வாங்கி, உறை பிரிக்காமல் அடுக்கிய இட்லிக் குண்டான் அந்தக் கணக்கில் வராது.

படி 2: கிடங்கிலிருந்து எடுத்தல்

வருகை அறிவிப்பு கிடைத்ததும், அதையும் பாஸ்போர்ட்டையும் முத்திரையிட்ட பட்டியலையும் சுங்க அலுவலகத்தில் காட்டி விடுவிப்புப் பெற்று, கிடங்குக் கட்டணத்தைச் செலுத்திப் பெட்டிகளை எடுக்கலாம். கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாள்கள் முடிந்தால் வாடகை ஏறும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: பிரிப்பதற்கு முன் ஒரு தாள்

பெட்டிகள் இல்லாத நாள்களில் எவையெவை இல்லையே என்று உண்மையில் ஏங்கினீர்களோ, அவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி, அவை உள்ள பெட்டிகளை மட்டும் பிரியுங்கள். எங்கள் தாளில் தேங்காய்த் துருவி, குழந்தையின் படப் புத்தகங்கள், பாட்டியின் பித்தளை டபரா ஆகிய மூன்றே இருந்தன. அவை இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கிவிட்டன. மற்றப் பன்னிரண்டில், கனத்தாலும் செலவாலும் முதலிடம் பிடித்த வெட் கிரைண்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கானது. இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை உயர்த்துமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே அதற்குச் செலவழிப்பதைவிட இங்குள்ள மின்சாரத்துக்கேற்ற மாதிரியை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை: வேண்டாதவற்றை உடனே விற்றுவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். வரிவிலக்கில் வந்த பொருளை, அது வந்ததிலிருந்து ஓராண்டுக்குள் விற்றாலோ பிறருக்குக் கொடுத்தாலோ, அதற்குரிய வரியை உடனே செலுத்த வேண்டும். ஆகவே பிரிக்காத பெட்டிகளின் மேல், அந்த ஓராண்டு முடியும் தேதியை மார்க்கரால் பெரிதாக எழுதி வையுங்கள்.